வழி சொல்பவர் வண்டியில் ஏறுவதில்லை

கூடலூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்றதால் போடவில்லை, ஊர்களையும் கொஞ்சம் இடம் மாற்றியிருக்கிறேன். நீளமான கடிதம். சுருக்கினால் இப்படி:

"அண்ணா, பந்தலூர் பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வயது 27. தாத்தா சிலோனிலிருந்து வந்து டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அவர் தம்பி குடும்பம் அங்கே ஹட்டனிலேயே தங்கிவிட்டது. 2022 ஏப்ரலில் அங்கே ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் நிறுத்தினார்களே, அன்றைக்குச் சின்ன தாத்தாவின் பேத்தி சாதாரண காலில் கூப்பிட்டாள். எனக்குத் தங்கை முறை. ப்ளே ஸ்டோரில் ஏதாவது இலவச விபிஎன் (தடையைச் சுற்றி, வேறொரு சர்வர் வழியாக இணையத்துக்குக் கூட்டிப் போகிற ஆப்) போடச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் வீடியோ காலில் வந்துவிட்டாள். அது ஊரெல்லாம் பரவியது. சேரம்பாடி அக்கா ஒருவர், மகன் துபாயில், வீடியோ கால் வரவில்லை என்று வந்தார். அவனுக்கும் போட்டுக் கொடுத்தேன். அப்புறம் சிங்கப்பூரில் ஒரு சர்வரை மாத வாடகைக்கு எடுத்து, அவுட்லைன் என்ற விபிஎன் மென்பொருளைப் போட்டு, நாற்பது பேருக்குக் கொடுத்திருக்கிறேன். மாதம் நூறு ரூபாய் வாங்குகிறேன். இப்போது ப்ளஸ் டூ பையன் ஒருவன் ரம்மி சைட் திறந்து தரச் சொல்கிறான். அப்பாவோ, 'அரசாங்கம் மூடுன கேட்டைத் திறந்துவிட நீ யாருடா?' என்கிறார். நான் செய்வது உதவியா, தப்பா?"

தம்பி, நான் யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இன்றைக்குக் கோத்தகிரியில் உட்கார்ந்து தேயிலை ஃபேக்டரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் நெட்வொர்க் பார்க்கிறேன். அதற்கு முன்பு கோயம்புத்தூரில் ஒரு இணையச் சேவை நிறுவனத்தில் வேலை. நீங்கள் சுற்றிப் போக வழி சொல்லும் அந்தத் தடையைப் போடுகிற வேலையும் அதில் அடக்கம்.

2006 ஜூலை. மும்பை ரயில் குண்டுவெடிப்பு நடந்து சில நாள்தான் ஆகியிருந்தது. டெல்லியிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. இருபதுக்கும் குறைவான பெயர்கள், அதில் சில, பிளாக்ஸ்பாட் என்ற வலைப்பதிவுத் தளத்தின் பக்கங்கள். ஏன் என்று ஒரு வரி கிடையாது. இரவு ஷிப்டில் நான். அந்தப் பக்கங்களை மட்டும் தனியாக மறிக்க எங்கள் கருவியில் வசதி இல்லை, இருந்திருந்தாலும் எனக்குத் தெரியாது. மேலே கேட்டேன். "மொத்தமா மூடு, காலையில பார்த்துக்கலாம்" என்றார்கள். பிளாக்ஸ்பாட் முழுவதையும் மூடினேன். நாடு முழுக்கப் பல நிறுவனங்கள் அதையேதான் செய்தன. சமையல் குறிப்பு எழுதியவர், கவிதை எழுதியவர் என்று தமிழில் அப்போது எழுதிக்கொண்டிருந்த ஒரு பெரிய கூட்டம் அதில் சேர்ந்து மறைந்துபோனது. மறுநாள் டீக்கடையில் நண்பர் ஒருவர் தன் பக்கமே தனக்குத் திறக்கவில்லை என்று புலம்பினார். சிகரெட் அட்டையின் பின்பக்கம் ஒரு ப்ராக்ஸி முகவரி, அதாவது நடுவில் நின்று பக்கத்தை எடுத்துத் தருகிற தளத்தின் முகவரி, எழுதிக் கொடுத்தேன். இரவில் தடை போட்டதும் நான்தான், காலையில் வழி சொன்னதும் நான்தான். இரண்டில் எது தப்பு என்று அப்போது யோசிக்கவில்லை, தூக்கம் வந்தது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. உங்கள் அப்பா கேட்பது நியாயமான கேள்வி, ஆனால் கேட்டை மூடுவது எப்போதும் ஒரு பெரிய முடிவாக நடப்பதில்லை. யாரோ ஒருவர் பட்டியல் அனுப்புகிறார், தூக்கக் கலக்கத்தில் இன்னொருவர் தட்டச்சு செய்கிறார். இன்றைக்குக் கருவிகள் தேறிவிட்டன, ஆனால் ஒரு விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். இப்போது பெரும்பாலான தளங்கள் பூட்டு போட்ட முகவரிகள். எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது எங்கள் மாதிரி ஆட்களுக்குத் தெரியும், உள்ளே எந்தப் பக்கம் என்பது தெரியாது. அதனால் ஒரு பக்கம் வேண்டாம் என்றாலும் தளம் மொத்தமும் போகும். 2025 பிப்ரவரியில் விகடனுக்கு நடந்தது நினைவிருக்கும். பிரதமரைப் பற்றிய ஒரே ஒரு கேலிச் சித்திரம். இணையதளமே பலருக்குத் திறக்காமல் போனது. சென்னை உயர் நீதிமன்றம் மார்ச் 6 அன்று, அந்தச் சித்திரத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தடையை நீக்க வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்ட பிறகுதான் திரும்ப வந்தது. அந்த இடைவெளியில் விபிஎன் போட்டு விகடன் படித்தவர் யாரும் பாவம் செய்தார் என்று என்னால் சொல்ல முடியாது.

சட்டத்தைச் சுருக்கமாக. நம் நாட்டில் விபிஎன் பயன்படுத்துவது பொதுவாகக் குற்றமில்லை. ஜம்மு காஷ்மீரில் சில மாவட்டங்களில் ஆட்சியர்கள் அவ்வப்போது தடை போட்டிருக்கிறார்கள், அது தனிக் கதை. அரசு தளங்களை மறிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி. அந்த உத்தரவுகளை ரகசியமாக வைக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. எனக்கு உறுத்துவது அங்கேதான். மொத்த இணையத்தையும் நிறுத்துகிற உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையின்றி நிறுத்தக் கூடாது என்று 2020 ஜனவரியில் காஷ்மீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. யார் போட்டார், எதற்குப் போட்டார், எப்போது எடுப்பார் என்று தெரிந்த தடைக்கு நான் கொடுக்கிற மரியாதை வேறு. தெரியாத தடைக்கு அந்த மரியாதையை என்னால் கொடுக்க முடியவில்லை.

ஹட்டன் தங்கை விஷயத்துக்கு வருகிறேன். 2022 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை. பெட்ரோல் இல்லை, கேஸ் இல்லை, கரண்ட் இல்லை என்று மக்கள் தெருவுக்கு வரத் தயாரான நாள். ஊரடங்கும் போட்டு, சமூக ஊடகங்களையும் மறித்தார்கள். பாதுகாப்பு அமைச்சு கேட்டுக்கொண்டதால் செய்தோம் என்று தொலைத்தொடர்பு ஆணையம் சொன்னது. ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அதில் ஒரு வேடிக்கை: அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே, விபிஎன் இருக்கும்போது இப்படிப்பட்ட தடைகள் உதவாது, நானும் அதில்தான் வந்திருக்கிறேன் என்ற பொருளில் ட்விட்டரில் எழுதினார். அமைச்சரே சுற்றி வந்த கேட்டை உங்கள் தங்கை சுற்றி வந்ததில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை.

ஆனால் அதே நாட்டில் 2018 மார்ச்சும் உண்டு. கண்டிக்குப் பக்கத்தில் திகனவில் முஸ்லிம்களின் வீடுகளையும் கடைகளையும் கொளுத்தினார்கள். வதந்தியும் ஆள் திரட்டலும் ஃபேஸ்புக்கில் ஓடின. ஏறக்குறைய ஒரு வாரம் தடை. தன் தளத்துக்கும் அதில் பங்கு இருந்தது என்று இரண்டு வருஷம் கழித்து ஃபேஸ்புக் நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. அந்த வாரம் உங்கள் கடைக்கு ஒருவர் வந்து, கண்டியில் இருக்கும் என் நண்பர்களுக்கு விபிஎன் வேண்டும் என்றிருந்தால் என்ன செய்வீர்கள்? அக்கா உயிரோடு இருக்கிறாளா என்று கேட்பவரும் அதே குழாயில்தான் போகிறார், எந்தத் தெருவில் கூடலாம் என்று கேட்பவரும் அதே குழாயில்தான். குழாய்க்குத் தெரியாது. உங்களுக்கு ஆளைத் தெரியும். அதனால் நான் வைத்திருக்கிற கணக்கு இது: முகம் தெரிந்தவருக்கு, காரணம் தெரிந்தால், கொடுப்பேன். போஸ்டர் ஒட்டி, வருகிறவனுக்கெல்லாம் கொடுக்க மாட்டேன். இந்தத் துறையில் என் நண்பர்கள் சிலர் இதை ஒத்துக்கொள்வதில்லை. வடிகட்ட நீ யார், அப்போது நீயும் ஒரு தணிக்கை அதிகாரிதானே என்பார்கள். பாதி சரிதான். இருக்கட்டும், எனக்கு அந்தப் பாதித் தப்போடு வாழ முடிகிறது.

சரி, நான் உங்களைக் கண்டிக்க வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது.

ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தாவில் நின்று பார்த்திருப்பீர்கள். கல்லட்டி வழியாக மசினகுடிக்கு வெளியூர் வண்டி இறங்கக் கூடாது என்று திருப்பிவிடுவார்கள். 36 கொண்டை ஊசி. நம்மூர்க்காரன் இரண்டாவது கியரில், சில இடத்தில் முதல் கியரில், பிரேக்கைத் தொடாமல் இறங்குவான். சென்னைக்காரர் மூன்றாவதில் போட்டு பிரேக்கையே மிதித்துக்கொண்டு போவார். பத்தாவது வளைவில் ரப்பர் கருகுகிற வாசனை வரும், அப்புறம் பெடல் மிதிக்க மிதிக்க உள்ளே போகும். செக்போஸ்ட்டைச் சுற்றி இறங்க ஒரு சந்து இருக்கிறது என்று காட்டிக்கொடுத்து ஐம்பது ரூபாய் வாங்குகிறவனை நீங்கள் என்ன சொல்வீர்கள்? அவன் சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிடுவான். கீழே போகிறவர் கதை வேறு.

சேரம்பாடி அக்காவின் மகனுக்கு நீங்கள் செய்தது அதுதான் தம்பி. ஐக்கிய அரபு அமீரகத்தில் விபிஎன் வைத்திருப்பது மட்டுமே குற்றமில்லை. ஆனால் ஐபி முகவரியை (இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) மறைத்துக்கொண்டு அங்கே குற்றம் என்று சொல்லப்பட்ட எதையாவது செய்தால், சிறை, 5 லட்சத்திலிருந்து 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது. குறைந்தபட்ச அபராதமே நம் பணத்தில் ஒரு கோடியைத் தாண்டும். மறித்து வைத்திருக்கும் இணைய அழைப்பைச் சுற்றிப் போவது அந்தக் கணக்கில் வருமா வராதா என்று நீங்களும் நானும் வாதாடலாம். லேபர் கேம்பில் இருக்கிற பையனுக்கு வாதாட யார் இருக்கிறார்கள்? விசா ரத்தாகி ஊருக்கு அனுப்பினால் ஏஜென்ட்டுக்குக் கட்டிய கடனை யார் அடைப்பார்கள்? அவனிடம் இதையெல்லாம் சொன்னீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரியைக் காணோம். அதைவிட வருத்தம், அங்கே அனுமதி பெற்ற அழைப்பு ஆப்களே இருக்கின்றன. போட்டிம் என்று ஒன்று, வீடியோ காலும் வரும். அம்மா போனில் ஒன்று, மகன் போனில் ஒன்று போட்டால் முடிந்தது. சுற்றுப்பாதை தெரிந்த உற்சாகத்தில் நேர்ப்பாதை இருக்கிறதா என்று பார்க்க மறந்துவிட்டோம். நம் துறை ஆட்கள் எல்லோருக்கும் உள்ள வியாதிதான், எனக்கும் உண்டு.

இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 2009-இல் ஈரானில் தேர்தல் முடிந்து கலவரம். அமெரிக்காவில் ஆஸ்டின் ஹீப் என்ற இளைஞர், ஈரானியர்கள் தணிக்கையைத் தாண்ட ஹேஸ்டாக் என்றொரு மென்பொருள் செய்கிறேன் என்று புறப்பட்டார். வைக்கோல்போர் என்று பொருள், ஊசியை மறைக்கிற போர். பத்திரிகைகள் கொண்டாடின, பாராட்டும் விருதும் வந்தன, அமெரிக்க அரசு ஏற்றுமதி அனுமதியே கொடுத்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியாள் யாரையும் பார்க்க விடவில்லை. 2010 செப்டம்பரில் வேறு நிபுணர்கள் கையில் கிடைத்து, பிரித்துப் பார்த்தார்கள். பயன்படுத்துகிறவரை மறைப்பதற்குப் பதில் காட்டிக்கொடுக்கிற அளவுக்கு ஓட்டை. உடனே நிறுத்தினார்கள், கூட இருந்த நிரலாளரும் விலகினார். அந்த இளைஞர் கெட்டவர் இல்லை. உங்களையும் என்னையும் போல உதவ நினைத்தவர். டெஹ்ரானில் ஒருவர் வீட்டுக் கதவைப் போலீஸ் தட்டியிருந்தால் அந்தச் சத்தம் அமெரிக்காவுக்குக் கேட்டிருக்காது, அவ்வளவுதான்.

ஹட்டன் தங்கைக்கு "ஏதாவது ஒரு இலவச விபிஎன்" என்றீர்களே, அதையும் விட முடியாது. சர்வருக்கு வாடகை, ஆளுக்குச் சம்பளம், இதெல்லாம் யார் தருகிறார்கள்? ஓனாவோ என்ற இலவச விபிஎன் ஃபேஸ்புக்குக்குச் சொந்தமாக இருந்தது. ஆட்கள் எந்தெந்த ஆப்பை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று முதலாளிக்குச் சொல்வதுதான் அதன் பிழைப்பு. ஹோலா என்று இன்னொன்று, இலவசமாகப் போட்டவர்களின் இணைய இணைப்பையே எடுத்து வேறு ஆட்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது 2015-இல் வெளியே வந்தது. அரசாங்கத்தின் கண்ணிலிருந்து தப்ப முகம் தெரியாத கம்பெனியின் மடியில் போய் உட்காருவது என்ன சாமர்த்தியம்? சைஃபன், டோர் மாதிரி நிரலைத் திறந்து வைத்து, பலர் வருஷக்கணக்கில் குடைந்து பார்த்தவை இருக்கின்றன. மெதுவாகத்தான் ஓடும். ஓடட்டும். இன்னொன்றையும் அவளிடம் சொல்லிவையுங்கள். விபிஎன் என்பது கேட்டைச் சுற்றிப் போகிற வழி, ரோடே இல்லையென்றால் ஒன்றும் செய்யாது. 2018 மே மாதம் துப்பாக்கிச் சூட்டுக்கு அப்புறம் தூத்துக்குடியில் இணையத்தையே நிறுத்தினார்கள். எந்த ஆப்பும் உதவவில்லை. அந்த மாதிரி நாளுக்குச் சாதாரண எண், பக்கத்து வீட்டு எண், எஸ்எம்எஸ் என்று காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்வதுதான் வழி. பர்லியாரில் மண் சரிந்து கேபிள் போனால் நாம் செய்வதும் அதுதானே.

இப்போது அந்த நாற்பது பேர். சர்வர் உங்களுடையது. அவர்கள் வாட்ஸ்அப்பில் என்ன பேசுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. ஆனால் மனது வைத்தால், யார் எந்தத் தளத்துக்கு எத்தனை மணிக்குப் போனார் என்று பார்க்கலாம். பந்தலூர் மாதிரி சின்ன ஊரில் அது என்ன சமாச்சாரம் என்று உங்களுக்கே தெரியும். பேங்க் பாஸ்புக்கை உங்களிடம் கொடுத்து வைத்தது போல. பார்க்க மாட்டேன் என்பீர்கள், நம்புகிறேன். உங்கள் கடையில் வேலை செய்யும் பையன்? நாளைக்கு ஒரு போலீஸ்காரர் வந்து நின்றால்?

பணம் வாங்கத் தொடங்கியதும் சட்டமும் உள்ளே வருகிறது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவின்படி, விபிஎன் சேவை தருகிறவர் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி, எதற்காக வாங்கினார் என்பதையெல்லாம் ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும். பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகள் இதற்கு உடன்படாமல் இந்தியாவிலிருந்த சர்வர்களையே எடுத்துக்கொண்டு போய்விட்டன. மாதம் நூறு ரூபாய்க்குப் பொதுமக்களுக்குக் கொடுக்கிற நீங்கள் இந்த உத்தரவுக்கு வெளியே இருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. கூடலூரில் ஒரு வக்கீலைப் பார்த்துக் கேளுங்கள். பதிவு வைத்தால் உங்களை நம்பி வந்தவருக்குத் துரோகம், வைக்காவிட்டால் உத்தரவை மீறியதாக ஆகும். வியாபாரமாக நடத்தாவிட்டால் இந்த முடிச்சே இல்லை. என் யோசனை: நாற்பது பேரிடமும் மாதக் கடைசி வரை அவகாசம் சொல்லி, சர்வரை மூடிவிடுங்கள். வேண்டியவருக்கு நல்லதாகப் பார்த்து அவர் போனில் அவரே போட்டுக்கொள்ளச் சொல்லிக்கொடுங்கள். அந்த அரை மணி நேரத்துக்குக் கூலி வாங்குங்கள், தப்பே இல்லை. மாதச் சந்தா வருகிற வரைக்கும் ஆபத்தைச் சொல்ல நாக்கு வராது, நான் விற்பனைப் பிரிவில் எட்டு மாதம் இருந்தவன்.

ரம்மி பையனுக்கு முடியாது என்று சொல்லுங்கள். பெற்றோரைத் தெரியுமென்றால் அங்கேயும் ஒரு வார்த்தை.

அப்பாவைப் பற்றி. எனக்கு 1983 ஜூலை நினைவிருக்கிறது, எட்டு வயது. எங்கள் எஸ்டேட் லைனில் சிலோன்காரர் வீடு நாலைந்து. கொழும்பில் என்ன நடக்கிறதென்று அங்கிருந்து உண்மை வராது, பத்திரிகைக்குத் தணிக்கை. ராத்திரியானால் ஒரு வீட்டு வாசலில் கூடுவார்கள். சில்வர் ஓக் மரத்தில் கம்பியைக் கட்டி, மறுமுனையை மர்பி ரேடியோவில் சுற்றி, பிபிசி தமிழோசைக்காகக் குமிழைத் திருகிக்கொண்டே இருப்பார் ஒருவர். இரைச்சல் குறைந்து ஒரு குரல் வந்ததும் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். ஹட்டன், பதுளை என்று ஏதாவது பெயர் விழுந்தால் யாராவது அழுவார்கள். அந்த ரேடியோவும் ஒரு அரசாங்கம் மூடிய கேட்டைச் சுற்றித்தான் வந்தது. உங்கள் அப்பா அப்போது எங்கே இருந்தார், யார் வீட்டு ரேடியோ என்று கேட்டுப் பாருங்கள். சண்டைக்காகக் கேட்காதீர்கள். அவர் பயப்படுவது அரசாங்கத்துக்காக இல்லை, உங்களுக்காக என்று நினைக்கிறேன். நாடு விட்டு நாடு வந்து, ரேஷன் கார்டுக்கும் சாதிச் சான்றுக்கும் அலைந்த குடும்பம். அதிகாரி கண்ணில் படாமல் இருப்பதே பிழைக்கிற வழி என்று கற்றவர்கள்.

சர்வர், வக்கீல், அப்பா எல்லாம் அடுத்த வாரம் இருக்கட்டும். இன்று கடையைச் சாத்துவதற்கு முன்பு சேரம்பாடி அக்காவைக் கூப்பிட்டு, மகன் போனிலிருந்து அந்த விபிஎன்னை எடுக்கச் சொல்லுங்கள். அவனுக்கு வெள்ளிக்கிழமை லீவு என்றால் அன்றைக்குத்தான் அழைப்பான். அதற்குள் அம்மா போனில் போட்டிம் ஏறியிருக்க வேண்டும்.